கேஷுவல் என்றால் யார்

கேஷுவல் என்ற சொல்லுக்கு எங்கள் குரூப்பில் விளக்கம் எழுதியவள் நான்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. ‘கம்பேக்குக்கு முன்னால் தொடர்ந்து மூன்று நாள் ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதவர்.’ அவ்வளவுதான் விளக்கம். எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

கொரியாவில் பாடி ஆடும் ஐந்து பையன்கள். அவர்களுடைய தமிழ்நாட்டு ரசிகைகளுக்காகக் கைபேசியில் ஒரு குரூப். கிட்டத்தட்ட நானூறு பெண்கள். அதற்கு நானும் அண்ணா நகர்ப் பக்கத்துக் கல்லூரிப் பெண் ஒருத்தியும் அட்மின். அவளுக்கு இருபது வயது, எனக்கு முப்பத்தொன்று. என் வயதில் இருந்தவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து சமைத்துக்கொண்டிருந்தார்கள். நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் உட்கார்ந்து லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி எண், சீல் எண், காகிதத்தில் உள்ள எண், மூன்றும் ஒத்துப்போனால் உள்ளே விடுவேன். ஒத்துப்போகாவிட்டால் ஓரங்கட்டச் சொல்வேன். டிரைவர்கள் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், டீ வாங்கித் தரவா என்பார்கள். எதற்கும் அசைய மாட்டேன். யார்டில் எனக்கு அதனால் நல்ல பெயர். வீட்டுக்குப் போனால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கும் யார்டுக்கும் நடுவில் எனக்கென்று இருந்தது அந்த ஐந்து பையன்களின் பாட்டு ஒன்றுதான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

குரூப்பில் யாரும் சொந்தப் பெயர் சொல்லக் கூடாது, சொந்த முகத்தைக் காட்டக் கூடாது. இது பெண்களின் பாதுகாப்புக்காக நாங்கள் ஆரம்பத்திலேயே வைத்த வழக்கம். ஐந்து பேரில் ஒருவனை மட்டும் மனதுக்கு நெருக்கமானவனாக வரித்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு பயஸ் என்று பெயர். அந்த பயஸின் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டால் அதுதான் குரூப்பில் நம் பெயர். ஐவரில் கடைசிப் பையனுக்கு எங்களிடம் எக்கச்சக்கமான பேர் இருந்தார்கள். அதில் பத்தொன்பதாவதாக வந்த பெண்ணை எல்லோரும் பத்தொன்பது என்றே கூப்பிட்டோம். அவளுடைய வயது அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். அதுவும் என் ஊகம்தான்.

அவள் எண்ணூர்க்காரி என்பது மட்டும் எனக்குத் தெரியும். தட்டச்சு செய்ய அலுத்துப்போய் எனக்குத் தனியாகக் குரல் செய்தி அனுப்புவாள். பின்னால் கடல் இரைவது கேட்கும். "எங்க வூட்டாண்ட ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் கம்பெனி பைப்புக்கா. துணி காயப் போட்டா சாம்பலு வந்து குந்திக்குது," என்பாள். பிறகு பாட ஆரம்பித்துவிடுவாள். கொரிய மொழி ஒரு சொல் தெரியாது. மூன்றாவது ஆல்பத்தில் வரும் மெதுவான பாட்டு ஒன்றை, எண்ணூர்க் கடற்கரையில் பிறந்த பாட்டு மாதிரி பாடுவாள். அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அம்மா விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து விற்றுவிட்டு மதியத்துக்கு மேல்தான் வருவார். அதுவரை அப்பாவுக்கு இவள்தான் எல்லாம்.

எங்கள் குரூப்புக்கு அகராதி வந்ததே பத்தொன்பதால்தான். ஒருமுறை கல்லூரிப் பெண், "லோக்கல்ஸ்கிட்ட நம்ம விஷயத்தையெல்லாம் பேசிட்டு இருக்காதீங்க," என்று எழுதினாள். ரசிகை அல்லாத வெளியாட்களை உலகம் முழுக்க ரசிகைகள் லோக்கல் என்றுதான் சொல்கிறார்களாம். எனக்கே அது அப்போது தெரியாது. சென்னையில் லோக்கல் என்றால் நாகரிகம் தெரியாத குப்பத்து ஆள் என்று வசவு, உங்களுக்குத் தெரியும். பத்தொன்பதிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு குரல் செய்தி வந்தது. "அக்கா, லோக்கல்னா நம்மளத்தான் சொல்லுதா அந்தப் பொண்ணு?" நம்மள என்று என்னையும் சேர்த்துக்கொண்டாள் பாருங்கள், அதில்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கல்லூரிப் பெண்ணைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவள் பாவம், அழுதேவிட்டாள். அன்று மாலையே நான் அகராதியைத் தொடங்கினேன். இனி ஒரு பெண்ணும் ஒரு சொல்லால் இந்தக் குரூப்பில் கூனிக் குறுகக் கூடாது என்று முதல் வரியில் எழுதினேன்.

அகராதி என்றதும் சண்டை வந்தது. கம்பேக் என்றால் புதுப் பாட்டு வெளியாவது, அதில் தகராறு இல்லை. எங்கேயும் போகாதவங்க எப்படித் திரும்பி வருவாங்க என்று என் அம்மா கேட்டதோடு சரி. பயஸ் விஷயத்தில் ஊரே இரண்டானது. நகரத்துப் பெண்களுக்கு பயஸை ஆல்பத்துக்கு ஆல்பம் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் வடசென்னைப் பெண்களுக்கு அது துரோகம், ஒருத்தனை வைத்துவிட்டால் வைத்ததுதான். மல்டி என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களை ரசிப்பவள். ஒரு கட்சிக்கு அது வெறும் தகவல், இன்னொரு கட்சிக்கு முகத்தில் காறித் துப்புவது. எல்லாவற்றையும் நான் நாட்டாமை செய்து எழுதினேன்.

கேஷுவலில்தான் நாலு நாள் இழுத்தது. அரைகுறை ரசிகை என்று பொருள், அதுவரை எல்லோருக்கும் சம்மதம். எது அரைகுறை? ஐந்து பேரின் பிறந்தநாளும் தெரியாதவள் என்றாள் மாதவரத்து நர்ஸ் ஒருத்தி. காசு கொடுத்து ஆல்பம் வாங்காதவள் என்றாள் கல்லூரிப் பெண். பத்தொன்பது எனக்குக் குரல் செய்தி அனுப்பினாள். "கேஷுவல்னா இன்னாக்கா, பாட்டக் கேட்டா அழுவ வராதவங்களா?"

நான் சிரித்தேன். அழுகையை எங்கே போய் அளப்பது? எனக்கு எண் வேண்டும், காகிதம் வேண்டும். பாட்டை எத்தனை முறை ஓடவிட்டோம் என்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது எங்களிடம் ஏற்கெனவே இருந்த பழக்கம். அதையே அளவுகோலாக்கினேன். கம்பேக் அன்று பாட்டு வெளியாகுமுன் கேஷுவல்களை குரூப்பிலிருந்து நீக்கிவிடுவது என்றும் சேர்த்தேன். களையெடுப்பு என்று அதற்குப் பெயர் வைத்ததும் நான்தான். அதுபோலவே இன்னொரு விதி, கம்பேக் நாளில் குரூப்பில் வேறு பேச்சு பேசக் கூடாது. அதையும் மண்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பேக் ஒரு வேலை நாளில் வந்தது. நம் நேரப்படி மதியம் இரண்டரைக்குப் பாட்டு. காலையிலிருந்து குரூப்பில் நிமிடத்துக்கு நூறு செய்தி. காற்றில் ஒரு நெடி இருந்தது. மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு நடுவில் பிழைக்கிறவளுக்கு நெடி ஒரு செய்தியா? மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு லாரி எண்களைப் பதிந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே மறுகையால் களையெடுத்தேன். பட்டியலில் பதினோரு பேர். ஒன்பதாவது பெயர் பத்தொன்பது.

ஒரு நொடி கை நின்றது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. மூன்று நாளாக அவளிடமிருந்து ஸ்கிரீன்ஷாட் இல்லை, விதி விதிதான், தெரிந்த பெண் என்பதற்காக விட்டால் நாளைக்கு என்னை யார் மதிப்பார்கள். ஓரங்கட்டு. எடுத்துவிட்டு அப்பளத்தைக் கடித்தேன்.

கை கழுவி வருவதற்குள் ஒரு டிரைவர் வந்து நின்றார். ஈரத் துண்டால் முகத்தைச் சுற்றியிருந்தார், கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. எண்ணூரில் ஏதோ கம்பெனிக் குழாய் விட்டுப்போய் வாயு கசிகிறதாம். குப்பத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களாம், ரோட்டை மூடிவிட்டார்களாம். பெட்டி எண்ணைக்கூடச் சொல்ல முடியாமல் இருமினார்.

நான் குரூப்பைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். இதயங்கள், பட்டாசுகள், எண்ணிக்கைகள். நடுவில் பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அது கிடந்தது. ‘அக்கா நெடி ஜாஸ்தியா கீது. நைனாவ தூக்க முடியல. யார்னா ஒரு ஆட்டோ அனுப்ப முடியுமா.’ அதற்குக் கீழே ஒருத்தி, கம்பேக் நாளில் வேறு பேச்சு வேண்டாம் என்று என் விதியை எனக்குப் பதிலாகச் சொல்லியிருந்தாள். பன்னிரண்டு பத்துக்கு இன்னொன்று. ‘அட்மின் அக்கா, பாத்தீங்களா?’ அப்புறம் பன்னிரண்டு முப்பத்து நான்கு. அட்மின் நீக்கினார்.

அவள் எண்ணுக்குப் போட்டேன். ஒருமுறை முழுசாக மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டபோது அணைந்துவிட்டது என்றது. முப்பது முறை போட்டிருப்பேன். குரூப்பில் எழுதினேன், பத்தொன்பதின் நிஜப் பெயர் யாருக்காவது தெரியுமா, வீடு தெரியுமா, கெஞ்சிக் கேட்கிறேன் என்று. கூப்பிய கைகள் வந்தன, அழும் முகங்கள் வந்தன. ஒருத்திக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? பெயர் கேட்காதே என்று நானே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். கல்லூரிப் பெண் மட்டும் என்னைத் தனியாக அழைத்து, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

மேலாளரிடம் சொல்லிக்கொள்ளாமல்கூட யார்டிலிருந்து கிளம்பினேன். வாசலில் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. ரயில் ஓடுகிறது என்றார்கள். கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினேன். எதிர்ப்பக்கத்து வண்டி நிறைய ஜனம், இந்தப் பக்கம் என்னோடு நாலைந்து பேர். கத்திவாக்கத்தில் இறங்கியதும் கண் எரிந்தது, தொண்டையில் உப்புத்தாளைத் தேய்த்தது போல இருந்தது. இதில் இரண்டு மணி நேரமாக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்ததும் கால் தன்னால் ஓடியது. எங்கே ஓடுவது என்றுதான் தெரியவில்லை.

குப்பத்துக்குள் விடவில்லை. ஜனங்களை ஒரு கல்யாண மண்டபத்திலும் மாதா கோயில் கூடத்திலும் வைத்திருந்தார்கள். மண்டப வாசலில் ஒரு போலீஸ்காரர், யாரைத் தேடுகிறாய் என்று கேட்டார். ஒரு பெண்ணை என்றேன். பெயர் என்றார். தெரியாது. அப்பா பெயர்? தெரியாது. போட்டோ இருக்கிறதா? என்னிடம் இருந்தது அவள் வைத்திருந்த முகப்புப் படம் ஒன்றுதான். வெள்ளி நிறத்தில் முடி சாயம் பூசிய அந்தக் கொரியப் பையன். வேறு வழியில்லாமல் அதைக் காட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

உள்ளே போய் ஆள் ஆளாகக் காட்டினேன். இந்தப் படத்தை போனில் வைத்திருக்கும் பெண், அப்பாவுக்குப் பக்கவாதம், பாடுவாள், தெரியுமா? ஈரத் துணியால் குழந்தையின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எரிந்து விழுந்தாள். "இன்னாமா நீ, ஊரே மூச்சுக்குத் தவிச்சிகினு கீது, சைனாக்காரனத் தேடிகினு வந்துக்கீற?" பேஜாரு பண்ணாதே போ என்று இன்னொருத்தி விரட்டினாள். அவர்கள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவள் எப்படி இருப்பாள், கறுப்பா, மாநிறமா, ஒல்லியா, இங்கேயே என் எதிரில் படுத்திருக்கிறாளா என்றுகூடத் தெரியாமல் மண்டபம் நிறைய இருமலுக்கு நடுவில் நின்றேன். நாலு வருஷமாக அவளோடு பேசியிருக்கிறேன்.

மணி இரண்டரை ஆகிவிட்டிருக்க வேண்டும், போன் விடாமல் அதிர்ந்தது. புதுப் பாட்டு வந்துவிட்டது. அந்தக் கணத்தில் போனைச் சுவரில் அடித்து உடைக்கலாம் போல இருந்தது. உடைக்கப் போன கைதான் நினைத்தது, அவள் பாடும் பழைய பாட்டைப் போட்டால் என்ன என்று. மூன்றாவது ஆல்பத்தின் மெதுவான பாட்டை முழுச் சத்தத்தில் வைத்து, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்தில் நடந்தேன். ஜனங்கள் திட்டினார்கள். கையைப் பிடித்து இழுத்தார்கள். நிறுத்தவில்லை. மண்டபத்தில் ஒருவரும் எழுந்து வரவில்லை. வெளியே வந்து மாதா கோயில் கூடத்துக்குப் போய் அங்கேயும் போட்டேன்.

கூடத்துப் படியில் மீன் வாடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலி அன்னக்கூடை. அவர் தலையை நிமிர்த்தி, "இது எங்க பொண்ணு போட்ற பாட்டாச்சே," என்றார்.

அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தேன். உயிரோடு இருக்கிறாளா என்று அந்தத் தாயிடம் கேட்டேன், அப்படியே கேட்டேன். இருக்கிறாள். அப்பாவும் மகளும் அரசு ஆஸ்பத்திரியில். காசிமேட்டிலிருந்து வந்தவரை இங்கே நிறுத்திவிட்டார்கள், எப்படிப் போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீதான் அட்மின் அக்காவா?" என்றார். ஆமாம் என்றேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பக்கத்து வூட்டாளுங்க சீக்கிரமே வந்து கூப்ட்டாங்களாம். நைனாவ தூக்கினு போலாம், மெதுவாப் போலாம்னாங்களாம். இது வர்லயாம். அக்காகிட்ட சொல்லிக்கீறேன், வண்டி வரும், நீங்க கொயந்தைங்கள இட்டுகினு போங்கன்னு சொல்லி அவங்கள அனுப்பிச்சுடுச்சாம். அப்பாலிக்கா மீன் வண்டிக்காரன் பூந்துதான் ரெண்டு பேரையும் தூக்கியாந்தானாம்." சொல்லிவிட்டு, இவ்வளவு தூரம் தேடி வந்திருக்கியே கண்ணு என்று என் கன்னத்தைத் தடவினார். அந்தக் கையைத் தட்டிவிடவும் முடியவில்லை, தாங்கவும் முடியவில்லை. நான் ஓவென்று அழுதேன். எனக்காகத்தான் அழுதேன், அதில் பொய் சொல்ல மாட்டேன்.

ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இப்போது ஆட்டோ கிடைத்தது, முதலில் கை காட்டியதே நின்றது. அவர் கணவர் வேறு வார்டில், மூச்சுக்கு மெஷின் வைத்திருந்தார்கள், எதுவும் இப்போது சொல்ல முடியாது என்றார் நர்ஸ். மகள் பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில். நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் பத்தொன்பதைப் பார்த்தேன். உருண்டை முகம், மூக்குத்தி, மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மூடி. கைக்குள் செத்துப்போன போன். அட்மின் அக்கா வந்துகீறாங்க என்று அம்மா காதோரம் சொன்னதும் கண்ணைத் திறந்தாள். அம்மா கணவரைப் பார்க்க ஓடினார்.

அவள் மூடியைக் கீழே இழுத்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சொல் சொல்லாக, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். ரோட்டை மூடிவிட்டார்கள் இல்லையா, அதனால்தான் வண்டி வர முடியவில்லை போல என்றாள். எனக்கான சாக்கை அவளே தயாராக வைத்திருந்தாள்.

"நடுவுல குரூப்ல இருந்து எடுத்துட்டீங்கக்கா. வண்டிக்கு அல்லாடுற அவசரத்துல கை பட்டுருக்கும்னு நெனச்சேன். அப்ப வண்டி வந்துகினு கீதுன்னுதான் வெயிட் பண்ணேன்."

தலையாட்டியிருந்தால் போதும். அவளும் நம்பியிருப்பாள், அவள் அம்மா செத்தாலும் என்னை மறந்திருக்க மாட்டார். தலையும் ஆடத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபடி என்னால் அது முடியவில்லை.

"கை படலமா," என்றேன். "நீ எழுதுனத நான் பாக்கவே இல்ல. மூணு நாளா ஸ்கிரீன்ஷாட் வரல. கேஷுவல்னு நான்தான் எடுத்தேன்."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபப்பட்டால் அவள் காலில் விழுவதற்குக்கூட நான் தயார். அவள் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தாள். கண்ணீர் கண்ணோரம் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"நெட்டு பேக்கு தீந்து போச்சுக்கா. கம்பேக்குன்னு இன்னிக்குக் காலீலதான் ரீசார்ஜ் பண்ணேன்." மூச்சு வாங்கினாள். "நான் கேஷுவல் இல்லக்கா."

நர்ஸ் தூரத்திலிருந்து சத்தம் போட்டார். நான் மூடியை எடுத்து அவள் மூக்கில் மறுபடி மாட்டி, பட்டையைக் காதுக்குப் பின்னால் சரிசெய்துவிட்டேன்.